மாசம் 20 ஆனா கையில பைசா இல்ல, ராத்திரி 11 ஆனாலும் வேலை தீரல: எங்க ஒழுகுது?

தக்கலை_மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா வாசிச்சிட்டு மட்டும் போறவ, இன்னிக்குத்தான் எழுதுறேன்.

வீட்டுக்காரர் மஸ்கட்ல. மாசம் 35,000 அனுப்புவார். எனக்கு நாகர்கோவில்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை, 17,500. ரெண்டு பிள்ளைங்க: பெரியவன் எட்டாம் வகுப்பு, சின்னவ நாலாம் வகுப்பு. கூட மாமியார். ஊதாரித்தனம்னு ஒண்ணும் கிடையாது. ஆனா 20ஆம் தேதி ஆனா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுறேன். நாள் முழுக்க அடுத்தவங்க கணக்கை எழுதுறவ சொந்தக் கணக்கு எழுதினதில்ல, அதுதான் வெக்கக்கேடு.

நேரமும் அப்படித்தான். காலைல 4.30க்கு எழும்பினா ராத்திரி 11 மணிக்குத்தான் முதுகு பாயில படும். நீங்கல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க? "சாயா குடிக்கிறத நிறுத்து"ன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. அந்தச் சாயாதான் என்னை நிக்க வச்சிருக்கு.

சும்மா_ஒருத்தன்
20 வரைக்கும் வருதா? எனக்கு 12ஆம் தேதியே தை அமாவாசை.

ஓய்வூதியன்
வங்கியில் 33 வருடம் இருந்தவன். தங்கச்சி, யோசனை எல்லாம் பிறகு. ஒரு மாதம் செலவு செய்த உடனே எழுதுங்கள், இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது. கைபேசியில் வேண்டாம், அடுக்களையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு போதும். யார் செலவு செய்தாலும் அதிலேயே எழுத வேண்டும். எழுதிவிட்டு வாருங்கள்.

திங்கள்சந்தை
நோட்டு எழுதினா பைசா கூடவா செய்யும்? வருமானம் பத்தல, அவ்வளவுதான். வருமானத்தக் கூட்ட வழி பாருங்க அக்கா.

தக்கலை_மருமகள்
(ஒரு மாசம் கழிச்சு)
எழுதிட்டேன். அப்படியே போடுறேன், சிரிக்காதீங்க.

வீட்டுக் கடன் 14,200. சிட்டி (ஏலச் சீட்டுதான்) 5,000. பண்டம், அதாவது நகை, பணயம் வச்சதுக்கு வட்டி 1,200. ஸ்கூல் வேன், டியூசன் 5,600. மளிகை 7,500. மீன் 5,200. பெட்ரோல் 2,300. பால், கேஸ் 2,600. கரண்டு, போன், நெட் 1,900. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை 1,600. சுருள், அதான் கல்யாண வீட்டுக்கு வைக்கிற மொய், 6,500. கடைசியா, என்னன்னே தெரியாம போன்ல இருந்து போனது 3,800. இதுல கிரெடிட் கார்டுக்குக் கட்டின 900ம் உண்டு.

மொத்தம் 57,400. வரவு 52,500. மாசம் 4,900 துண்டு விழுது. சாயாவும் இதுக்குள்ள உண்டு, தேடிப் பாருங்க.

மஸ்கட்_ரூம்
அக்கா, நான் உங்க வீட்டுக்காரர் ரூம்ல இல்ல, பயப்படாதீங்க. இங்க நாங்க எட்டு பேர் ஒரு ரூம்ல இருக்கோம். ஊருக்கு அனுப்புற பைசா எங்க போவுதுன்னு அங்க கேட்டா சண்டை, கேக்கலன்னா மனசு கிடந்து அடிக்கும். இந்தக் கணக்க அப்படியே போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்க. கோவம் வராது, தூக்கம் வரும்.

கொளச்சல்_அக்கா
மக்ளே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 5,200ன்னா 26 நாளு, நாளுக்கு 200. சாளை வெல காலைல ஒண்ணு, உச்சைக்கு ஒண்ணு. பாடு, அதான் மீன்வரத்து, நல்லா கிடைச்ச அன்னிக்கு வாரிக் கொடுப்போம், காத்து மாறினா கண்ணுல காட்ட மாட்டோம். உனக்க வீட்டு மீனு மட்டும் எப்படி தெனமும் 200 ஆவுது?

தக்கலை_மருமகள்
மீன் வாங்குறது மாமியார். நான் வேலைக்குப் போயிருவேன்லா. நோட்டுல அவங்க எழுதுறது மலையாளத்துல, அவங்க அந்தக் காலத்துல மலையாளம் மீடியம். எண்ணு மட்டும்தான் எனக்குப் புரியும்.

ஓய்வூதியன்
மீன் இருக்கட்டும். சிட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனையாவது மாதம், எதற்காக?

தக்கலை_மருமகள்
20 பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் சிட்டி. ரெண்டு மாசம் கட்டியாச்சு. கழிவு போக 4,000 வீதம்தான் கட்டினேன், அந்த மாசமெல்லாம் மீதி 1,000 மளிகைக்குப் போயிடும். அடுத்த வாரம் மூணாவது ஏலம். 25,000 தள்ளிக் கேட்டு, அதாவது விட்டுக்கொடுத்து, 75,000 எடுத்து, பணயத்துல கிடக்கிற பண்டத்துல பாதிய மீட்டலாம்னு இருக்கேன். பணயம் 1,20,000.

ஓய்வூதியன்
கேட்டது நல்லதாயிற்று. அடுத்த வாரம் வாயைத் திறக்காதீர்கள்.

நம் ஊர் வழக்கத்திலேயே சொல்கிறேன். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் "ஒரு வட்டி". 1,20,000க்கு மாதம் 1,200 கட்டுகிறீர்கள், அதாவது ஒரு வட்டி.

இனி சிட்டி. 25,000 தள்ளினால் நடத்துகிறவர் 5,000 எடுத்துக்கொள்வார், மீதி 20,000 இருபது பேருக்கு ஆயிரம் ஆயிரமாகப் பிரியும். ஆகவே அந்த மாதமும் நீங்கள் கட்டுவது 4,000. மூன்று மாதமும் சேர்த்து உங்கள் கையிலிருந்து போனது 12,000. 75,000 வாங்கினாலும் உண்மையில் நீங்கள் பெறும் கடன் 63,000தான், மீதி உங்கள் சொந்தப் பணம். பிறகு 17 மாதம் கட்ட வேண்டும். போகப் போகத் தள்ளுபடி குறையும், சராசரி 4,600 என்று வைத்தால் 78,200. 63,000 வாங்கி 78,200 கட்டுகிறீர்கள். மாதத் தவணையாக முதல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் இது நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை வட்டி.

ஒரு வட்டிக் கடனை அடைக்க இரண்டரை வட்டிக் கடன் வாங்கப் போகிறீர்கள், தங்கச்சி.

சும்மா_ஒருத்தன்
நான் மூணு சிட்டில முதல் அஞ்சு மாசத்துக்குள்ளயே எடுத்தவன். இந்தப் பதிவ வாசிச்சதுக்கு அப்புறம் கடுங்காப்பி இறங்க மாட்டேங்குது.

திங்கள்சந்தை
சார், கணக்கெல்லாம் சரி. ஆனா மனுசன் மனசு கணக்குல வராது. எனக்கு ஆர்டி, அதான் பாங்குல மாசா மாசம் போடுற சேமிப்பு, மூணு தடவ போட்டு மூணும் பாதில உடைஞ்சுது. பாங்குல போய் கையெழுத்து போட்டா தந்துருவான். சிட்டி அப்படியா? மாசம் 10ஆம் தேதி 19 பேரு உன் மூஞ்சியப் பாப்பான். அந்த வெக்கத்துலதான் எனக்குக் கடை ஷட்டரும் வீட்டு மதிலும் வந்துது. சிட்டிய திட்டாதீங்க.

ஓய்வூதியன்
திட்டவில்லை. நீங்கள் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை நான் பணியில் இருந்தபோது ஒப்புக்கொண்டதில்லை. கடைசி மாதங்களில் எடுப்பவனுக்குச் சிட்டி ஒரு சேமிப்பு. முன்னால் எடுப்பவனுக்கு அது கடன். ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் எடுப்பவன் கொடுக்கும் வட்டியைத்தான் பின்னால் எடுப்பவன் வாங்குகிறான். நீங்கள் பின்னால் எடுத்தவர், அதனால்தான் மதில் வந்தது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1982ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்த சிட்டியா என்று கேளுங்கள். பதிவு செய்ததென்றால் நடத்துகிறவர் பிணைத்தொகை கட்டியிருப்பார், தகராறு வந்தால் பதிவாளரிடம் போகலாம். தெருவில் முகப் பழக்கத்தில் நடப்பதற்கு முகம்தான் ஈடு. அந்த முகம் ஒரு நாள் காலை ஊரில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?

திங்கள்சந்தை
அது எங்க ஊர்லயும் நடந்துது. பேசாம இருக்கேன்.

தக்கலை_மருமகள்
மூணாவது ஏலத்துக்குப் போனேன், வாயத் திறக்கல. கை நடுங்கிச்சு. வேற ஒரு அண்ணன் 27,000 தள்ளி எடுத்தார். எனக்குத் தெரிஞ்ச ஆளுதான், மக கல்யாணம். பாவமா இருந்துச்சு.

அப்போ கார்டு? 18,000 பாக்கி நிக்குது, மாசம் 900 கட்டச் சொல்லி மெசேஜ் வரும், கட்டிருவேன்.

ஓய்வூதியன்
மாத அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் வட்டி விகிதம் இருக்கும், படித்துச் சொல்லுங்கள்.

தக்கலை_மருமகள்
மாசம் 3.5 சதவீதம்.

ஓய்வூதியன்
மூன்றரை வட்டி. 18,000க்கு 630 வட்டிக்கே போகிறது. நீங்கள் கட்டும் 900இல் முதல் குறைவது 270 ரூபாய். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி வேறு உண்டு. உங்கள் வீட்டில் எரிகிற அடுப்பு இதுதான், முதலில் இதை அணையுங்கள். பிறகு பணயம். அங்கும் வட்டி மட்டும் கட்டி வருடா வருடம் திருப்பி வைக்காமல், கையில் கிடைக்கும்போது ஆயிரம், இரண்டாயிரம் அசலில் வரவு வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வங்கிகளில் வாங்கிக்கொள்வார்கள்.

ஒட்டுப்பால்
குலசேகரம் பக்கம். ரப்பர் பால்வெட்டு. மாசச் சம்பளம் வாங்குற நீங்கல்லாம் ராசாக்க. எனக்கு மழை பெஞ்சா வெட்டு இல்ல. நம்ம மாவட்டத்துல ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகைலயும் மழை. மாசி பங்குனில இல உதிர்ந்து மரம் ஓய்வு. பிளாஸ்டிக் கட்டி மழைக்காப்பு போட்டா கொஞ்சம் நாளு கூடுதலா வெட்டலாம், அவ்வளவுதான்.

எனக்க அப்பா சொல்லித்தந்த ஒரு வழி உண்டு. பால் எடுத்த பொறவு சிரட்டைல ஒட்டிக் காஞ்சு கிடக்கும்லா, வெட்டுச்சாலுல நூலு மாதிரி பிடிச்சிருக்கும்லா, அதுதான் ஒட்டுப்பால். ரப்பர் ஷீட்டு வித்த பைசா அரிசிக்கும் கடனுக்கும். ஒட்டுப்பால உரிச்சு சாக்குல போட்டு, சாக்கு நெறஞ்சாத்தான் விக்கணும். அந்தப் பைசா வீட்டுக்குள்ளயே வரப்பிடாது, நேரா போஸ்ட் ஆபீஸ். ஜூன் மாசம் பிள்ளேளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் அதுதான். இருபது வருசத்துல ரெண்டு தடவதான் தவறிச்சு. நாத்தம் சகிக்காது. பொண்டாட்டி சாக்க வீட்டுக்குப் பொறத்தால வைக்கச் சொல்லுவா. அந்த நாத்தத்துலதான் ரெண்டு பேரு டிகிரி படிச்சாவ.

கொளச்சல்_அக்கா
இத வாசிச்சு எனக்குக் கண்ணு கலங்கிட்டு. எங்களுக்கும் அப்படித்தான். ஜூன் 1லேருந்து ஜூலை 31 வர 61 நாளு விசைப்படகுக்குத் தடைக்காலம். பள்ளிக்கூடம் திறக்குற நேரமும் அதுதான். பாடு உள்ள காலத்துல மகளிர் குழுல வாரம் தவறாம போட்டுருவேன். வீட்டுக்காரர்ட்ட சொல்ல மாட்டேன். சொன்னா வலை கிழியும், எஞ்சின் பழுதாகும்.

குழித்துறை_ஆறு
எலக்ட்ரீசியன். என் பங்குக்கு ஒண்ணு. கரண்டு ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ. 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101லேருந்து 200 வரைக்கும் மலிவு விலை. 501 ஆனா அந்த மலிவு விலை போயிடும், ஒத்த யூனிட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல கூடும். ரீடிங் எடுத்த தேதிய மீட்டர் பெட்டிலயே பேனாவால எழுதி வைங்க. அம்பதாம் நாள் 450 தாண்டிருந்தா அயர்ன் பாக்ஸையும் மோட்டாரையும் கவனிங்க. நான் போற வீடுகள்ல பாதிக்கு மேல ரீடிங் தேதியே தெரியாது.

சும்மா_ஒருத்தன்
நேரத்தப் பத்தி யாரும் பேசலியே. அக்கா 4.30க்கு எழும்புறாங்க. அந்நேரத்துல என்ன வேலை, கோயில் நடை திறக்கவா?

தக்கலை_மருமகள்
தேங்கா திருவ! காலைக்குப் புட்டு, மத்தியானம் மீன் குழம்பு, அவியல், எல்லாத்துக்கும் தேங்கா. தெனமும் உடச்சு, திருவி, அரச்சு, மிக்ஸி கழுவி, முக்கால் மணி நேரம்.

கொளச்சல்_அக்கா
ஞாயித்துக்கெழம மூணு தேங்காயத் திருவி டப்பாக்களா பிரிச்சு ஃப்ரீசர்ல வையி. வறுத்தரைக்கிற மசாலாவும் ஒரு வாரத்துக்கு அரச்சு வையி. ருசி கொறையும், ஆனா நீ ஒரு மணி நேரம் தூங்குவ. பெரியவனுக்குப் பதிமூணு வயசுலா? அவனுக்குக் கையி இல்லியா? எனக்க மவன் எட்டாம் வகுப்புல மீனு வெட்டுவான், கூட்டும் வைப்பான்.

மஸ்கட்_ரூம்
இங்க வந்த பொறவுதான் நான் சோறு வடிக்கப் படிச்சேன். மொத மாசம் கஞ்சிதான். பையனுக்கு இப்பவே சொல்லிக்கொடுங்க அக்கா.

திங்கள்சந்தை
பெட்ரோல் 2,300ன்னு போட்டிருக்காங்களே. 2021லேருந்து சாதா டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாதுல்லா, ஏன் ஸ்கூட்டர்?

தக்கலை_மருமகள்
அண்ணாச்சி, பார்வதிபுரம் நெரிசல் தெரியும்லா? பஸ்னா நிக்கிறது, மாறுறது எல்லாம் சேத்து போக வர ஒரு மணி நேரம் கூடுதல். பைசாவப் பிடிச்சா நேரம் போவுது, நேரத்தப் பிடிச்சா பைசா போவுது. வேலை கொறஞ்ச ரெண்டு நாள் மட்டும் பஸ்ல போய்ப் பாக்குறேன்.

ஓய்வூதியன்
சுருளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனிக்கிறேன். 6,500.

சும்மா_ஒருத்தன்
ஆவணி மாசம் சார். அது நம்ம கையில இல்ல.

ஒட்டுப்பால்
சுருள் செலவு கிடையாது. எனக்க மூத்தவளுக்குக் கல்யாணத்துல வந்த சுருளுலதான் பந்தலு, சாப்பாடு எல்லாம் நின்னுது. நாம வச்சதுதான் திரும்பி வருது. அது வட்டியில்லாத சிட்டி.

ஓய்வூதியன்
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிட்டிக்கு மாதாமாதம் ஒதுக்குகிறீர்கள், சுருளுக்கு ஒதுக்குவதில்லை. பத்திரிகை கைக்கு வந்த பிறகுதானே தேடுகிறீர்கள்? போன வருடம் வைத்த சுருளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, கல்யாணம் இல்லாத மாதத்திலும் எடுத்து வையுங்கள். ஆவணியில் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது.

தக்கலை_மருமகள்
(மூணு மாசம் கழிச்சு)
நடந்தத சொல்லிருறேன்.

சம்பளம் விழுற கணக்கு வேற, செலவு பண்ற கணக்கு வேறன்னு பிரிச்சேன். போன்ல இருக்கிறது செலவுக் கணக்கு மட்டும். திங்கக்கிழமை தோறும் அதுல 4,000 போடுவேன், மளிகை, மீன், பெட்ரோல் எல்லாம் அதுக்குள்ள. மொத வாரம் வியாழக்கிழமையே தீந்து போச்சு. வெள்ளி சனி ரெண்டு நாளும் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாச் சம்மந்தியும். பிள்ளைங்களுக்குப் பிடிச்சுப் போச்சு, எனக்குத்தான் மானம் போன மாதிரி இருந்துச்சு. இப்போ சனிக்கிழமை வரைக்கும் வருது. அந்த 3,800 இப்போ 1,100.

கார்டுல பாக்கி 6,000தான். பாதிய வீட்டுக்காரர் ஓவர்டைம்ல அனுப்பினார், போட்டோ அனுப்பினதோட பலன். மஸ்கட் தம்பிக்கு நன்றி.

தேங்கா ஃப்ரீசர்ல இருக்கு. அவியலுக்கு மட்டும் புதுத் தேங்காதான் வேணும்னு மாமியார் ஒரே பிடிவாதம், பெரியவன் திருவிக் கொடுக்கான். அஞ்சே காலுக்கு எழும்புறேன். பஸ் மட்டும் ஒத்து வரல. மூணு வாரம் போனேன், ரெண்டு நாள் ஆபீஸுக்கு லேட்டு, விட்டுட்டேன்.

பாஸ்புக்ல மே மாசக் கடைசில 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருக்கு. அது எதுக்கு சார்?

ஓய்வூதியன்
20 விபத்துக் காப்பீடு, 436 ஆயுள் காப்பீடு. இரண்டும் தலா இரண்டு லட்சம், வருடத்துக்கு ஒரு தடவை. எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நிறுத்த வேண்டாம். வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் போய்ப் பாருங்கள். வீட்டுக்காரர் கணக்கிலும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொளச்சல்_அக்கா
எல்லாம் சரி மக்ளே, மீனு என்னாச்சு? இப்பவும் 200 தானா?

தக்கலை_மருமகள்
இப்பவும் 200தான் அக்கா! நேத்து நோட்ட உக்காந்து பாத்தேன். சனிக்கிழமை தோறும் 200க்கு நேரா ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருது, மத்த நாள்ல அது இல்ல. போட்டோ போடுறேன், மலையாளம் தெரிஞ்சவங்க யாராவது வாசிச்சுச் சொல்லுங்க. மாமியார்ட்ட கேட்டா "மீனு"ன்னுட்டாங்க.

குழித்துறை_ஆறு
பாத்தேன் அக்கா. மத்த நாள்ல "மீன்"னு உண்டு. சனிக்கிழமைல எழுதியிருக்கிறது "சிட்டி".

சும்மா_ஒருத்தன்
🙏🙏🙏

தக்கலை_மருமகள்
இப்போதான் கேட்டுட்டு வந்தேன். தெருவுல பன்னெண்டு பாட்டிங்க சேந்து வாரச் சிட்டி நடத்துறாங்களாம். ரெண்டு வருசமா. நடத்துறதே எங்க மாமியாராம். பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு முடிஞ்சா சைக்கிள் வாங்கவாம்.

ஓய்வூதியன்
எத்தனையாவது வாரத்தில் எடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

தக்கலை_மருமகள்
கடைசி வாரமாம் சார்.